மேசை ஓரத்தில் பால்மரம்

வேலை ஓய்வு பெற்றதும் எங்கள் தாமானில் சிலர் பூச்செடி வைத்தார்கள், சிலர் காடியைத் தினமும் கழுவினார்கள். நான் காடி நிறுத்தும் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலை மேசை செய்தேன். காடி இப்போது வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறது. வீட்டுக்காரிக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஹார்ட்வேர் கடையில் 18 மில்லிமீட்டர் கனமுள்ள ப்ளைவுட் பலகை ஒன்று வாங்கினால் போதும். எட்டுக்கு நாலு அடிப் பலகையில் ஆறுக்கு இரண்டாக இரண்டு துண்டு வரும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினால் 36 மில்லிமீட்டர் கனத்தில் மேல்பலகை தயார். கால்களுக்கு மெராந்திக் கட்டைகள், குறுக்கே இரண்டு சட்டம், நட்டும் போல்ட்டும். இதுவரை கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள் எல்லாரும் செய்துவிடுவார்கள். இதோடு நிறுத்தியும் விடுவார்கள். ஓரம் அப்படியே கிடக்கும்.

ஈப்போவில் நான் பார்த்த பாதி வேலை மேசைகள் ஓரத்திலிருந்துதான் கெட்டுப்போயிருக்கின்றன. ப்ளைவுட் என்பது மெல்லிய மரத் தாள்களை ஒன்றுக்கு ஒன்று குறுக்காக அடுக்கி ஒட்டியது. மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும். ஓரத்திலோ அந்த அடுக்குகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மதியத்துக்கு மேல் நம்மூரில் கொட்டும் மழையில் சாரல் அடித்தால் தண்ணீரை அந்த வாய்தான் முதலில் குடிக்கும். ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து அடுக்குகள் பிரியும். சுத்தியல் ஒரு முறை தவறி விழுந்தால் ஒரு சில்லு பெயரும். சில்லு பெயர்ந்த இடத்தில் கை உராய்ந்தால் சிராய் ஏறும். என் பேரப்பிள்ளைகளின் கண் உயரமும் இந்த மேசையின் ஓரமும் இப்போதைக்கு ஒரே மட்டம். அதனால் ஓரத்தை மூடாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மூடுவதற்கு வழி பல உண்டு. அலமாரி செய்பவர்கள் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை மலிவு. ஆனால் அதன் பசை சூட்டில் இளகும். தகரக் கூரைக்கு அடியில் மதிய வெயில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியக் கோணம் அடிக்கலாம். ஆனால் உளியோ ரம்பமோ அதில் பட்டால் மேசைக்கு ஒன்றும் ஆகாது, உளிக்குத்தான் கேடு. வேலை மேசைக்கு நல்லது மரச்சட்டம்தான். முக்கால் அங்குலக் கனத்தில் கெட்டியான மரத்தை ஓரம் முழுக்க ஒட்டி, பலகையோடு மட்டமாக இழைத்துவிட்டால் அடியை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும்.

என்ன மரம் என்பதுதான் கேள்வி. மெராந்தி சுலபமாகக் கிடைக்கும், ஓரத்துக்குக் கொஞ்சம் மெது. நியாத்தோ அழகு. செங்கால் கிடைத்தால் அது ராஜா, விலையும் ராஜா விலை. எனக்கோ வேறு ஓர் ஆசை.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கித்தாத் தோட்டம். அம்மா அங்கே முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டினார். தோட்டத்தின் பெரும்பகுதி எப்போதோ செம்பனை ஆகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் இப்போது புல்தான். ஆற்றோரமாக மட்டும் ஒரு நிரை பால்மரம் தப்பி நின்றது. அதையும் வெட்டுகிறார்கள் என்று தம்பி முறை வேண்டும் ஒருவர் போன் செய்தார். அம்மா வெட்டிய மரத்தில் ஒரு சட்டம் எடுத்து மேசைக்கு ஓரம் கட்டலாமே என்று அன்றிரவே எனக்குத் தோன்றிவிட்டது.

மெங்லெம்பு பக்கம் பழைய சீனத் தச்சர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டேன். அவர் மலாயில் ஒரே சொல் சொன்னார்: "புபோக்." மரத்தைத் துளைத்து மாவாக்கும் சின்ன வண்டுக்குத்தான் அந்தப் பெயர். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், ஒரு சொல்லில் என் ஆசையை முடித்து வைத்தார். பிறகு கோப்பி வாங்கிக் கொடுத்து விளக்கமும் சொன்னார்.

பால்மரத்தின் கட்டையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். செங்கால் மாதிரி வைரம் பாய்ந்து தன்னைத் தானே காத்துக்கொள்ளும் மரமல்ல இது. வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சை ஏறும், வெள்ளைக் கட்டையில் நீலமும் கறுப்புமாகக் கறை ஓடும். பின்னாலேயே வண்டு வரும். இதைத் தடுக்க வேண்டுமானால் மரம் விழுந்த சில நாளுக்குள் அறுத்துவிட வேண்டும், அறுத்த உடனேயே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை உள்ளே ஏற்ற வேண்டும். ஆலையில் பெரிய இரும்பு உருளைக்குள் பலகையை அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அழுத்தத்தில் மருந்தை ஏற்றுகிறார்கள். பிறகு சூட்டறையில் வைத்துக் காய வைக்கிறார்கள். இத்தனையும் ஆனால்தான் அது பலகை. இல்லாவிட்டால் விறகு.

நான் ஆற்றோரம் போய்ப் பார்த்தபோது கட்டைகள் விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெட்டு முகத்தில் நீலம் ஏறிக் கிடந்தது. ஒரு கட்டையில் பழைய வெட்டுத் தடம் இருந்தது, ஏணி வைத்து வெட்டிய மேல்பட்டை. வெட்டித் தள்ளப்போகும் மரத்தில் கடைசி இரண்டு மூன்று ஆண்டு எட்டிய உயரம் வரை பாலை எடுத்துவிடுவது தோட்டத்து வழக்கம். அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அது மேசைக்கு ஆகாது.

விறகு என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. பால்மரத்துக்கு நூறு ஆண்டுக்கும் மேலாக இருந்த ஒரே மதிப்பு அதுதான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டு போன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது நம் பேராக்குக்கு வந்து கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு இன்றும் காக்கப்படுகிறது. ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது, பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். எங்களில் பலருடைய தாத்தாவைக் கப்பலேற்றியது அந்த மரம்தான்.

பாலுக்காக வந்த மரம். பால் நின்றதும், அதாவது 25, 30 ஆண்டில், வெட்டிச் சாய்த்துப் புதுக்கன்று நடுவார்கள். சாய்ந்த மரம் லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கூடத்துக்கும், செங்கல் சூளைக்கும் போகும். 1960களில் பிறையில் உற்பத்தி தொடங்கிய மலாயவாத்தா எஃகு ஆலை, பால்மரக் கரியைப் போட்டுத்தான் இரும்புத் தாதுவை உருக்கியது. மீதியைத் தோட்டத்திலேயே குவித்துக் கொளுத்துவார்கள். அந்தப் புகை நாள் கணக்கில் லயத்தின் மேல் நிற்கும். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் மருந்தேற்றும் முறையும் காய வைக்கும் முறையும் பிடிபட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 1980களில் அதே மரம் நாற்காலியும் மேசையுமாக அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகத் தொடங்கியது. ஜொகூரில் மூவார் பட்டணம் அதனாலேயே தளவாட ஊர் ஆனது. வெளிநாட்டில் இதற்கு 'மலேசியன் ஓக்' என்று கூடப் பெயர் வைத்து விற்றார்கள். இன்று இந்த நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி பால்மரம்தான்.

இதில் பால் வெட்டியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் விடை சின்னது. நிலம் கம்பெனிக்கு, சாய்த்த மரம் குத்தகைக்காரருக்கு, கிளையும் குச்சியும் எங்களுக்கு. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சந்தாப் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அவரும் சுங்கை சிப்புட்காரர்தான். அதில் பங்கு எடுத்தவர்களுக்கு மரத்திலும் ஒரு பங்கு இருந்தது எனலாம். எங்கள் தோட்டம் அதில் சேரவில்லை.

சரி, மேசைக்கு வருவோம். கடைசியில் கடையிலேயே பால்மரப் பலகை வாங்கினேன். மருந்தேற்றிக் காய வைத்து, இழைத்து, வெளிர் சந்தன நிறத்தில் இருக்கும். ஒன்றைக் கவனித்திருப்பீர்கள், பால்மரம் நேராக வளராது, நீளமான கட்டையும் கிடைக்காது. அதனால் ஆலையில் சின்னச் சின்னத் துண்டுகளை, இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி நுனியில் பல் வெட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். நான் வாங்கிய ஆறரை அடிப் பலகையில் எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு வரிசையிலும் பத்துக்கு மேற்பட்ட துண்டு. எந்தெந்தத் தோட்டத்து மரமோ! பேராக்காகவும் இருக்கலாம், கெடாவாகவும் இருக்கலாம். ஒருவேளை அதில் ஒரு துண்டு அம்மாவுக்குத் தெரிந்த நிரையிலிருந்து வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

பலகையைக் கடையிலேயே ஒன்றரை அங்குல அகலச் சட்டமாக அறுத்துத் தரச் சொன்னேன். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். மேல்பலகை 36. மேலே ஒரு மில்லிமீட்டர், கீழே ஒரு மில்லிமீட்டர் சட்டம் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு. மிகச் சரியாக 36 வெட்டி ஒட்டினால், ஒட்டும்போது சட்டம் தலைமுடி அளவு இறங்கினாலும் பள்ளம் விழும். பள்ளத்தை நிரப்புவது கஷ்டம். மேட்டை இழைப்பது சுலபம்.

சுவர்ப் பக்கம் சட்டம் தேவையில்லை. முன்பக்கம் ஒன்று, இரு பக்கத்திலும் ஒவ்வொன்று. முதலில் பக்கச் சட்டங்களை ஒட்டி, அவற்றின் முன் நுனியைப் பலகையோடு மட்டமாக்க வேண்டும். பிறகு முன் சட்டம் நீளமாக வந்து அந்த நுனிகளையும் சேர்த்து மூடும். மூலையில் 45 பாகையில் அறுத்துச் சேர்த்தால் படச்சட்டம் மாதிரி அழகாக இருக்கும், நானும் ஆசைப்பட்டேன். தச்சர் வேண்டாம் என்றார். வேலை மேசையின் மூலையில்தான் எல்லாம் இடிக்கும், கூரான இணைப்பு முதலில் வாய் பிளக்கும். அவர் சொன்னது சரி.

பசைக்குச் சாதாரண வெள்ளைப் பசையே போதும். ஆனால் ப்ளைவுட்டின் ஓரம் பசையைக் குடித்துவிடும். அதனால் முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு, அதன்மேல் சட்டம். ஒரு சாணுக்கு ஒரு கிளாம்ப் என்று போட்டால் நல்லது. கிளாம்ப் அத்தனை இல்லாதவர்கள் பழைய மோட்டார் சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக அறுத்துக்கொண்டு, இழுத்துப் பிடித்து மேசையைச் சுற்றிக் கட்டலாம். ரப்பரின் இழுவிசை லேசுப்பட்டதல்ல. கிளாம்போ ட்யூபோ, சட்டத்துக்கு வெளியே ஒரு வீணான கட்டையை வைத்துக் கட்டினால் அழுத்தம் பரவலாக விழும். ஆணி அடித்தே தீருவேன் என்பவர்கள் முதலில் சன்னமாக டிரில் போட்டுவிட்டு அடியுங்கள். சட்டத்தின் நுனிக்குப் பக்கத்தில் நேராக ஆணி இறக்கினால் பிளந்துவிடும். ஆணித்தலை மேலே நின்றால் இழைப்புளியின் வாய் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் சொல்வதெல்லாம் ப்ளைவுட் மேசைக்கு. உங்கள் மேல்பலகை முழு மரப் பலகைகளைச் சேர்த்தது என்றால் கதை வேறு. மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும். மழைக்காலத்தில் பழைய பலகை வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்ளுமே, அதுதான். அப்படிப்பட்ட மேசையின் நுனிப்பக்கத்தில் குறுக்காகச் சட்டத்தை முழுக்க ஒட்டிவிட்டால், பலகை விரிய நினைக்கும், சட்டம் விடாது, கடைசியில் ஏதாவது ஒன்று பிளக்கும். அங்கே நடுவில் மட்டும் பசை போட்டு, இரு ஓரத்திலும் நீள்துளையில் திருகாணி போட வேண்டும். ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் இழைப்பு. இந்த வேலையில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். சட்டம் ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. அதைச் சீவிப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் ப்ளைவுட்டின் மேல்தாள் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. இழைப்புளி ஒரு சீவு அதிகம் போனால் தாள் கிழிந்து அடியில் இருக்கும் சிவப்பு அடுக்கு தெரிந்துவிடும். அதை மறுபடி மூட வழியில்லை. தச்சர் சொல்லிக்கொடுத்த வித்தை: சட்டத்தை ஒட்டிய பலகையின் மேல் பென்சிலால் நெளிநெளியாகக் கோடு போட்டுக்கொள். பென்சில் கோடு அழியத் தொடங்கிய நொடி நிறுத்து.

நான் இழைத்துக்கொண்டிருந்தபோது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்பத்துநாலு வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். சுருள் சுருளாக விழுந்த சீவலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னா மரம்டா இது?"

"பால்மரம்மா."

"போடா. பால்மரம் இவ்ளோ வெள்ளையா இருக்குமா? அது அடுப்புக்குள்ள கறுப்பா இல்ல இருக்கும்."

முப்பது ஆண்டு தினமும் தொட்ட மரம். அதன் உள்கட்டையை இழைத்து அவர் பார்த்ததே இல்லை. யோசித்தால் இது வியப்பில்லை. பால் ஓடுவது பட்டையில். கட்டையில் அல்ல. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய பச்சைத் தோல் இருக்கிறது, மரம் வளர்வதே அதிலிருந்துதான். பால் வெட்டுபவர் ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போலப் பட்டையைச் சீவ வேண்டும், அந்தத் தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. மண்டோர் நிரைக்குள் வந்து காயத்தைத்தான் தேடுவார். கட்டையைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதுதான் அம்மாவின் தொழில் திறமையே. விடியுமுன்னே தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம்.

அம்மா எழுந்து வந்து சட்டமும் பலகையும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து நெடுக இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க இன்னும் நிக்குது."

இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. விரலை வைத்தேன். இருந்தது.

சின்ன இழைப்புளியை அவரிடம் கொடுத்தேன். உளி மாதிரியா இது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் இழுப்பு திக்கியது. இரண்டாவதில் சீவல் வந்தது, வெங்காயத் தோல் மாதிரி, மறுபக்கம் தெரிகிற மெல்லிசில். "கைய ஓட்டாத. கை அப்படியே இருக்கணும், காலு நகரணும்" என்று எனக்குப் பாடமும் எடுத்தார். மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே வெட்டியவர் அல்லவா. மெங்லெம்பு தச்சரும் இதையேதான் வேறு சொற்களில் சொல்லியிருந்தார். பென்சில் கோடு மங்கியது, அழியவில்லை. அம்மா நிறுத்திவிட்டார். நான் சொல்லி நிறுத்தவில்லை.

நம் ஆட்களைப் பற்றி எழுதும்போது எல்லாரும் உழைப்பு, உழைப்பு என்றே எழுதுகிறோம். உழைப்பு உண்மைதான். ஆனால் தச்சருக்கும் பொற்கொல்லருக்கும் கொடுக்கும் கைத்தொழிலாளி என்ற பெயரைப் பால் வெட்டியவருக்கு நாமே கொடுத்ததில்லை. தோட்டத்துப் பேரேட்டில் அவர்கள் வெறும் கூலி. அந்தப் பேரேட்டை எழுதியவர்கள் அப்படி எழுதினார்கள், சரி. நாம் ஏன் அதையே படித்துக்கொண்டிருக்க வேண்டும்?

மிச்ச வேலை கொஞ்சம்தான். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேண்ட்பேப்பரால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உருட்டிவிட வேண்டும், மூலைகளை இன்னும் கொஞ்சம் அதிகமாக. வைஸ் பொருத்தும் இடத்தில் மட்டும் விளிம்பைச் சதுரமாகவே விடுங்கள், அங்கே பிடிமானம் வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெய், மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. பால்மரம் எண்ணெய் குடித்ததும் வெளிர் நிறம் போய்த் தேன் நிறத்துக்கு வரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வேலியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

மேசை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிள் எஞ்சினை இறக்கி வைத்ததில் முன் சட்டத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. ப்ளைவுட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டம் ரொம்ப அடிபட்டால் அதை மட்டும் இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டலாம். அறுத்ததில் மிஞ்சிய சட்டங்களை அதற்காகவே மேசைக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.